பின்னால் வந்தவரை முதலில் உள்ளே கொண்டுபோனார்கள்: எமர்ஜென்சியில் 4 மணி நேரம்

மூலக்கடை_முருகு

போன வெள்ளிக்கிழமை இரவு என் மாமனாருக்கு மூலக்கடை சிக்னல் பக்கத்தில் விபத்து. வயது 71. சாலையைக் கடக்கும்போது பைக் இடித்துவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே கால் வளைந்துபோய்க் கிடந்தது, நெற்றியில் வெட்டு, சட்டையெல்லாம் ரத்தம். 108 பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகளில் ஒன்றுக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம், யாரையும் மாட்டிவிட வரவில்லை.

வாசலில் ஒரு டாக்டர் பொண்ணு வந்து பார்த்தார். பல்ஸ், பிபி, கண்ணில் டார்ச், நாலு கேள்வி. கையில் மஞ்சள் பட்டை கட்டி ஓரமாக விட்டார்கள். காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள், நெற்றிக்குப் பஞ்சு. அப்போது மணி 8:50.

பத்து நிமிடம் கழித்து ஷேர் ஆட்டோவில் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மனைவி தோளில் சாய்ந்து உட்கார்ந்த வாக்கில் வந்தார். அதே டாக்டர் கையைப் பிடித்தார், வயிற்றைத் தொட்டார், ஏதோ சத்தம் போட்டார். நாலு பேர் ஓடி வந்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என் மாமனாருக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தது 12:40-க்கு. இடையில் நான் போய்க் கேட்டபோதெல்லாம் "மஞ்சள்தானே, வெயிட் பண்ணுங்க" என்ற ஒரே பதில்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரத்தத்தோடு கிடக்கும் 71 வயதுக்காரரைவிட, சட்டை கசங்காமல் வந்தவர் எப்படி முந்தினார்? ஆள் தெரிந்தவரா, இல்லை வேறு ஏதாவதா?

---

நைட்_டூட்டி_அக்கா

முருகு தம்பி, கோபம் நியாயம். ஆனால் ஆட்டோவில் வந்த அந்த ஆள் விஷயத்தில் நீங்கள் நினைப்பது தப்பு. நான் 14 வருடம் ஸ்டாஃப் நர்ஸ், அதில் ஆறு வருடம் விபத்துப் பிரிவு. நான் பார்க்காத கேஸ்தான், ஆனாலும் ஊகிக்கிறேன்: பைக்கில் விழுந்திருப்பார், ஹேண்டில் பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியிருக்கும். முகம் வெளுத்து, கை ஐஸ் மாதிரி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. பல்ஸ் 130-க்கு மேல் ஓடியிருக்கும். ரத்தம் வெளியே வராதது நல்ல சேதி இல்லை தம்பி. வயிற்றுக்குள்ளே ரெண்டு லிட்டர் கொட்டினாலும் சட்டையில் ஒரு பொட்டு தெரியாது.

மண்டைத் தோல் கிழிந்தால் ரத்தம் அருவி மாதிரி வரும். பார்க்கிறவர்களுக்கு உயிர் போய்விடும். அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எங்கள் வார்டில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்வது இதுதான்: கத்துகிறவன் மூச்சு விடுகிறான், சத்தம் இல்லாமல் கிடக்கிறவனிடம் முதலில் போ.

---

சிஆர்ஆர்ஐ_நான்காம்_மாதம்

அக்கா சொன்னதற்கு மேல் கொஞ்சம். நான் ஹவுஸ் சர்ஜன் (எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசிப் பயிற்சியில் இருப்பவன்), இப்போது எமர்ஜென்சி போஸ்டிங்.

சிவப்பு (உடனே பார்க்க வேண்டியவர்), மஞ்சள் (கொஞ்சம் பொறுக்கலாம்), பச்சை (லேசான காயம்) என்று பிரிப்பதை டிரையேஜ் என்பார்கள். நெப்போலியன் படையில் இருந்த லாரே என்ற சர்ஜன் தொடங்கிவைத்தது என்று படித்திருக்கிறோம்: பதவியைப் பார்க்காதே, காயத்தைப் பார் என்பதுதான் அவருடைய விதி. தமிழ்நாட்டில் டி.ஏ.இ.ஐ. (TAEI) திட்டம் (விபத்து மற்றும் அவசர சிகிச்சைக்கானது) வந்த பிறகு பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த மூன்று நிறப் பகுதிகளும் தனித்தனியாக வந்தன. அதற்கு முன்னால் கேஷுவாலிட்டி என்றால் ஒரு மேஜை, ஒரு டூட்டி டாக்டர், சுற்றி ஐம்பது பேர்.

சிவப்புக்குப் போனவருக்கு என்ன நடந்திருக்கும் என்றால், முதலில் மூச்சுப் பாதை, அடுத்து மூச்சு, அப்புறம் ரத்த ஓட்டம், அப்புறம் மூளை, கடைசியில் துணியை வெட்டித் தலை முதல் கால் வரை பார்ப்பது. இந்த வரிசையை மாற்றக்கூடாது. கால் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கண் அங்கே போகக்கூடாது என்பார் எங்கள் அசிஸ்டென்ட் புரொஃபசர். இந்த முறை வந்த கதையே சோகமானது. 1976-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஓர் எலும்பு டாக்டர் தானே ஓட்டிய சின்ன விமானம் விழுந்து நொறுங்கியது. மனைவி அங்கேயே இறந்துவிட்டார். பிள்ளைகளோடு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கே யாருக்கும் எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை. வயலில் நான் செய்த சிகிச்சையே இதைவிட மேல் என்று நொந்துபோய், நண்பர்களோடு சேர்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1980-ல் அமெரிக்க சர்ஜன்கள் சங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்க அதுதான் பாடம்.

வயிற்றுக்குள் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க சி.டி.கூட வேண்டாம். ஸ்கேன் கருவியைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு வந்து நாலு இடம் பார்ப்போம்: இதயத்தைச் சுற்றி, கல்லீரல் பக்கம், மண்ணீரல் பக்கம், அடிவயிறு. மூன்று நிமிட வேலை. கறுப்பாகத் தெரிந்தால் ரத்தம், நேராக ஆபரேஷன் தியேட்டர்.

---

கருவாட்டுக்குழம்பு

பாடம் எல்லாம் சரி டாக்டர் தம்பி. ஸ்ட்ரெச்சர் தள்ள 200 ரூபாய் கேட்பது சிவப்பா, மஞ்சளா, பச்சையா? போன வருடம் என் அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போய் (எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன்) லிஃப்ட் வரை 100, லிஃப்ட்டிலிருந்து 100. நிறம் கட்டுவது நல்ல விஷயம்தான். ஆனால் "நீ மஞ்சள்" என்று சொல்லிவிட்டால் நாலு மணி நேரம் யாரும் வரவேண்டாம் என்பதற்கு அது சாக்காகிவிடுகிறதே. ஆள் பற்றாக்குறைக்கு நிறம் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

---

நைட்_டூட்டி_அக்கா

200 ரூபாய்க்கு என்னிடம் பதில் இல்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆள் பற்றாக்குறையும் உண்மை. ஆனால் முருகு தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த நாலு மணி நேரத்தில் மாமனாருக்கு மறுபடி பல்ஸ், பிபி பார்த்தார்களா? எத்தனை தடவை? பேர் என்ன, எங்கே இருக்கிறீர்கள் என்று யாராவது திரும்பக் கேட்டார்களா? இன்னொன்று: அவர் ரத்தம் இளகும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

---

மூலக்கடை_முருகு

ஒரே ஒரு தடவை. பத்தரை மணி வாக்கில் ஒரு சிஸ்டர் வந்து பிபி பார்த்தார். வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை.

மாத்திரை... ஆமாம். அஞ்சு வருடம் முன்னால் ஸ்டென்ட் வைத்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று போடுவார். ஆஸ்பிரினும் இன்னொன்றும் சேர்ந்தது. அதை யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஏன் அக்கா?

---

நைட்_டூட்டி_அக்கா

அப்படியானால் உங்கள் புகார் இதுதான் தம்பி, ஆட்டோவில் வந்தவர் இல்லை.

மஞ்சள் என்றால் "பொறுத்திரு" என்று மட்டும் அர்த்தம் இல்லை. "இப்போதைக்குப் பரவாயில்லை, கண் வைத்துக்கொண்டே இரு" என்று அர்த்தம். மஞ்சள் ஒரு மணி நேரத்தில் சிவப்பாகும், நான் பார்த்திருக்கிறேன். தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசுவார், டீ கேட்பார், வீட்டுக்குப் போகலாமா என்பார். மண்டை ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு அளவு தாண்டியதும் தூக்கம் வருகிறது என்பார். வீட்டு ஆட்கள் "பாவம், அசதி" என்று போர்த்திவிடுவார்கள். அது தூக்கம் இல்லை. ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகியிருக்கும்.

எழுபது வயது, தலையில் அடி, ஸ்டென்ட் மாத்திரை. மூன்றும் சேர்ந்தால் அவரை வரிசையில் முன்னால் தள்ளியிருக்க வேண்டும். மாத்திரையைக் கேட்டிருக்க வேண்டியது நாங்கள். நீங்கள் சொல்லவில்லை என்று உங்கள் மேல் பழி போடமாட்டேன்.

சி.டி.யில் ஒன்றும் இல்லைதானே?

---

மூலக்கடை_முருகு

ஒன்றும் இல்லை. தலை கிளியர் என்றார்கள். கால் எலும்புக்கு மட்டும் ராடு வைக்கப்போகிறார்கள். இதைப் படித்த பிறகு வயிறு கலக்குகிறது. பதினொரு மணிக்கு அவர் கண்ணை மூடியபோது நான்தான் "தூங்கட்டும் விடு" என்று மச்சானிடம் சொன்னேன்.

---

சிஆர்ஆர்ஐ_நான்காம்_மாதம்

அண்ணே, அன்று அவர் தூங்கத்தான் செய்தார், விடுங்கள்.

நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க நாங்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். 1974-ல் கிளாஸ்கோவில் இரண்டு மூளை சர்ஜன்கள் போட்டது. கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6, மொத்தம் 15. முழு நினைவோடு இருக்கிறவர் 15. செத்தவருக்கும் 3 உண்டு, பூஜ்யம் கிடையாது. 8-க்கு வந்துவிட்டால் குழாய் போட்டு மூச்சைக் காப்பாற்ற வேண்டும். இதில் ஒரு தடவை போடும் எண்ணைவிட அடுத்த தடவை அது குறைகிறதா என்பதுதான் முக்கியம். ஒரே ஆளைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அது தெரியும். சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு மஞ்சள் பகுதியில் நான் ஒருவன், எதிரே 22 பேர். சாக்கு சொல்லவில்லை, கருவாட்டுக்குழம்பு அண்ணன் திட்டலாம்.

வெளியே நன்றாகத் தெரிவதும் உள்ளே இருப்பதும் வேறு என்பது விபத்தில் மட்டும் இல்லை. எலி பேஸ்ட் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களைப் பாருங்கள். முதல் நாள் செல்போனில் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டார் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கூட்டிப்போக நிற்பார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும், கல்லீரல் போயிருக்கும். போகாதீர்கள் என்று கெஞ்சுவதே எங்கள் வேலையில் பாதி.

---

சைரன்_சீனு

108-ல் ஈ.எம்.டி.யாக இருக்கிறேன். அதாவது பின்னால் பேஷண்ட்டோடு உட்காருகிற ஆள். ஓட்டுகிறவரை நாங்கள் பைலட் என்போம். 2008-ல் தமிழ்நாட்டில் இந்தச் சேவை தொடங்கியபோது பள்ளிக்கூடத்தில் இருந்தேன், தெருவில் வண்டி போனால் கை காட்டுவோம்.

முருகு சாருக்கு ஒன்று. வழியில் ரெண்டு ஆஸ்பத்திரியைத் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்று யாராவது கோபப்பட்டிருப்பார்களே? எங்களை அடிக்கவே வருவார்கள். பக்கத்தில் இருப்பது முக்கியம் இல்லை சார், ராத்திரியில் சி.டி. ஓடுகிற இடம், மூளை டாக்டர் இருக்கிற இடம், ரத்தம் இருக்கிற இடம் முக்கியம். ஒரு இடத்தில் இறக்கி, அங்கிருந்து ரெஃபர் பண்ணி, மறுபடி ஏற்றினால் ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும். போகும்போதே ஆஸ்பத்திரிக்குத் தகவல் கொடுத்துவிடுவோம்: ஆண், இத்தனை வயது, தலைக்காயம், இத்தனை நிமிடத்தில் வருகிறோம் என்று.

அப்புறம் தயவுசெய்து சோடா கொடுக்காதீர்கள். எங்கே போனாலும் ரோட்டில் கிடக்கிறவர் வாயில் ஒருவர் கோலி சோடாவைச் சாய்த்துக்கொண்டிருப்பார். பாசம்தான், புரிகிறது. அரை மயக்கத்தில் இருக்கிறவருக்கு அது நுரையீரலுக்குப் போகும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வரும். தண்ணீர்கூட வேண்டாம்.

கையை ரெண்டு பேர், காலை ரெண்டு பேர் பிடித்து மூட்டை மாதிரித் தூக்குவதும் வேண்டாம். கழுத்தெலும்பு நகர்ந்திருந்தால் அந்த ஒரு தூக்கலில் கை கால் போய்விடும். தீயோ, வண்டி மேலே ஏறும் ஆபத்தோ இல்லை என்றால் அப்படியே விடுங்கள். தலையை மட்டும் ஒருவர் ரெண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு "ஆடாதீங்க" என்று பேச்சுக் கொடுத்தால் போதும். ரத்தம் வந்தால் துண்டை மடித்து அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

---

பழைய_வண்ணை

நல்ல பதிவு சீனு. எங்கள் காலத்தில் ஆம்புலன்ஸ் ஏது? மீன்பாடி வண்டியில் போட்டு சென்ட்ரலுக்கு எதிரே இருக்கிற ஜி.எச்.சுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவோம். 1664-ல் கோட்டைக்குள் வெள்ளைக்கார சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. இப்போதிருக்கும் இடத்துக்கு 1772-ல் வந்தது. ரயில் வருவதற்கு முன்னாலேயே அங்கே நிற்கிறது என்று என் தாத்தா பெருமையாகச் சொல்வார், என்னவோ அவரே கட்டின மாதிரி.

பொதுமக்கள் பயப்படுவது போலீசுக்குத்தானே? கொண்டுபோய்ச் சேர்த்தால் சாட்சிக்கு அலைய விடுவார்கள் என்று. இப்போது எப்படி?

---

எழும்பூர்_வக்கீல்

பழைய வண்ணை ஐயா, அந்தப் பயத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. விபத்தில் உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டுதல்களுக்கு 2016-ல் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019 மோட்டார் வாகனத் திருத்தத்தில் 134ஏ பிரிவு வந்தது. காப்பாற்றிச் சேர்த்தவர் பெயர், முகவரி சொல்லவே வேண்டியதில்லை, அவரைப் பிடித்து வைக்கக்கூடாது, பணம் கட்டச் சொல்லக்கூடாது. படுகாயமடைந்தவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேர்த்துக் காப்பாற்றினால் மத்திய அரசின் பரிசுகூட உண்டு. 2021-ல் 5,000 ரூபாயாக இருந்தது, பிறகு 25,000 ஆக்கினார்கள்.

ஆஸ்பத்திரிப் பக்கம் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது: பரமானந்த கடாரா வழக்கு, 1989. ஸ்கூட்டரில் போனவரைக் கார் இடித்தது. சேர்த்த ஆஸ்பத்திரி, "இது போலீஸ் கேஸ், இங்கே பார்க்க முடியாது" என்று 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேறு இடத்துக்கு அனுப்பியது. வழியிலேயே இறந்துவிட்டார். அரசோ தனியாரோ, முதலில் உயிர், மற்ற நடைமுறை எல்லாம் அப்புறம் என்று நீதிமன்றம் சொன்னது அதில்தான்.

பணத்துக்கு வருவோம். இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் செலவு அரசுடையது, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும்தான். தொடங்கும்போது 81 சிகிச்சை முறைகள், ஒரு லட்சம் ரூபாய் வரை. காப்பீட்டு அட்டை தேவையில்லை, வெளிமாநிலத்தவர் என்றாலும் உண்டு. தனியாரில் அட்வான்ஸ் கேட்டால் "48 திட்டத்தில் இருக்கிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

முருகு, உங்கள் கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: ஏ.ஆர். நகல் (விபத்துப் பதிவேட்டில் எழுதியது), எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, காயச் சான்று. ஏ.ஆரில் "அடையாளம் தெரிந்த நபர் ஓட்டிய இருசக்கர வாகனம் மோதி" என்று இருக்கிறதா, "தவறி விழுந்து" என்று இருக்கிறதா பாருங்கள். அந்த அவசரத்தில் கூட வந்தவர் ஏதோ சொல்ல, எழுதுகிறவர் ஏதோ எழுத, இழப்பீட்டு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் முதலில் பிடிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

---

கருவாட்டுக்குழம்பு

வக்கீல் சாருக்கு நன்றி. நான் என் பேச்சில் நிற்கிறேன். டாக்டர் தம்பிக்கு எதிரே 22 பேர் என்றால் திட்ட வேண்டியது அவரை இல்லை, சரி. ஆனால் வெளியே நிற்கிற எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல டாக்டர் தேவையா? ரயில் லேட் என்றால்கூட மைக்கில் சொல்கிறார்கள். "உங்கள் ஆள் மஞ்சள், சி.டி.க்கு முன்னால் ஆறு பேர் இருக்கிறார்கள், தூங்கினால் எழுப்பிப் பாருங்கள், எழவில்லை என்றால் ஓடி வாருங்கள்." இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு ஆள் போடக்கூடாதா? அந்த ஒருவர் இருந்தால் வார்டில் நடக்கிற அடிதடியில் பாதி நடக்காது.

---

நைட்_டூட்டி_அக்கா

இந்த விஷயத்தில் உங்கள் கட்சி நான். எங்கள் வார்டில் ஒரு வயதான எம்.என்.ஓ. (ஆண் நர்சிங் உதவியாளர்) அண்ணன் இருந்தார், ரிட்டயர் ஆகிவிட்டார். அவராகவே ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் வெளியே போய் "பாலுவோட ஆளு யாரும்மா? உள்ள ஸ்கேன் நடக்குது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் டூட்டியில் இருக்கிற ராத்திரி எங்கள் கண்ணாடிக் கதவு உடைந்ததே இல்லை.

---

மூலக்கடை_முருகு

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஆபரேஷன் முடிந்து மாமனார் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்.

அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே. அந்த ஆட்டோ தம்பியின் மனைவியை மருந்து வாங்குகிற இடத்தில் பார்த்தேன். பைக் சறுக்கி ஹேண்டில் பார் இடது பக்கம் குத்தியிருக்கிறது. மண்ணீரல் கிழிந்து எடுத்துவிட்டார்களாம், எட்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்களாம். இன்னும் பத்து நிமிடம் என்றால் தாங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம். அந்தப் பெண் கையில் பிளாஸ்டிக் பையில் அவருடைய சட்டை இருந்தது. அன்றைக்கு நான் பார்த்த அதே கசங்காத சட்டை, நடுவில் கத்தரியால் வெட்டியிருந்தது. அந்தப் பெண்ணிடம் அன்று நான் ஆள் தெரிந்தவரா என்று கேட்டு சத்தம் போட்டேன். அவருக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை. ரத்தம் திருப்பிக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார், நானும் மச்சானும் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஏ.ஆர். நகல் வாங்கிப் பார்த்தேன் வக்கீல் சார். பைக் மோதி என்றுதான் இருக்கிறது. மாத்திரைச் சீட்டை லேமினேட் பண்ணி மாமனார் பர்சில் வைத்துவிட்டேன்.

அவருக்கு இப்போது ஒரே கவலை, பேத்தி காதுகுத்துக்கு எடுத்த புது வேட்டியை எமர்ஜென்சியில் வெட்டிவிட்டார்கள் என்று. இழப்பீட்டில் அதையும் கேட்க முடியுமா என்று என்னை நச்சரிக்கிறார்.

---

எழும்பூர்_வக்கீல்

கேட்கலாம். மனுவில் "உடைகள் சேதம்" என்று தனியாகவே ஒரு இனம் உண்டு. வேட்டி வாங்கிய பில் இருந்தால் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.